கல்குளத்துத் தோள்சீலையும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் உள்ளூர் விடுமுறை எந்தெந்த நாள் என்று கேளுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காடு மாசிக் கொடை, அய்யா வைகுண்டர் அவதார தினம் என்று மூச்சுவிடாமல் அடுக்குவார்கள். கோயிலுக்குப் போகிற பிள்ளை, சர்ச்சுக்குப் போகிற பிள்ளை, வைகுண்டரை வழிபடும் பதிக்குப் போகிற பிள்ளை, பள்ளிவாசலுக்குப் போகிற பிள்ளை எல்லோருக்கும் இந்த நாட்கள் மீது ஒரே பிரியம்தான். பன்முகத்தன்மைப் பாடத்தை இங்கிருந்து தொடங்கினால் வகுப்பு சீக்கிரமே சூடு பிடித்துவிடும்.

தொடர்ந்து சொல்லவும் நிறைய இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 18.7 லட்சம். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சம அளவில் வாழ்கிறார்கள், இஸ்லாமியர் நூற்றுக்கு நான்கு பேர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு, அதாவது அன்றைய சென்னை மாநிலத்தோடு, இணைந்தன. அதற்கு முன்பு இது திருவிதாங்கூர். விளவங்கோட்டுப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளைகள் உண்டு. பேச்சிப்பாறை மலைகளில் காணிக்காரப் பழங்குடியினர் இருக்கிறார்கள். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் ஒரு காலத்தில் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போனது. சிதறால் மலையில் சமணச் சிற்பங்கள், தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்கா, கடற்கரை முழுக்கத் தேவாலயக் கோபுரங்கள். ஒரு வகுப்பறை வரைபடத்தில் இத்தனையையும் குறித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

சிக்கல் அடுத்த பாடத்தில் வருகிறது. பாடப்புத்தகங்கள் பன்முகத்தன்மையைச் சொன்ன கையோடு பாகுபாட்டுக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் போய்விடுகின்றன. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அத்தியாயம். அதனால் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வருகிறார்கள். "எல்லாரும் ஒரே மாதிரி இருந்துட்டா பிரச்சினையே வராதுல்ல சார்?" சமூக அறிவியல் ஆசிரியராக நான் வகுப்பில் அடிக்கடி கேட்ட வாக்கியம் இது. நல்ல மனதோடு சொல்லப்படுகிறது, ஆனால் தவறானது. பிள்ளைகள் வேறுபாட்டின் மீதே பழியைப் போடுகிறார்கள். அந்த வேறுபாட்டின் மேல் ஒரு விதியை ஏற்றி வைத்தவர்கள் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள்.

இந்த முடிவைச் சரிசெய்ய எந்தப் பாடப்புத்தக வரையறையையும்விட ஒரு நிகழ்வு அதிகம் உதவுகிறது. அது எங்கள் மண்ணில், நாங்கள் பஸ்ஸில் கடந்து போகிற ஊர்களில் நடந்தது. மேல் உடம்பை மூடித் தோளில் சீலை போடும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை நீண்ட தோள்சீலைப் போராட்டம். அதைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோவது என்பதையும் சேர்த்துத்தான் இந்த ஆய்வு.

குடையில் தொடங்குங்கள்

உடைக் கட்டுப்பாட்டில் தொடங்கினால் ஏழாம் வகுப்பு கூச்சத்தில் நெளியும், பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். அதனால் நான் குடையில் தொடங்குவேன். ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் அடிக்கிற மாவட்டம் இது. இங்கே ஒரு கூட்டம் மக்கள் குடை பிடிக்கக் கூடாது என்று விதி இருந்தது. செருப்புப் போடக் கூடாது. தங்க நகை அணியக் கூடாது. மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. இவ்வளவும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென் திருவிதாங்கூரில் நாடார்கள் மேல் சுமத்தப்பட்ட விதிகள். புலையர், பறையர் போன்ற சமூகங்களின் நிலை இதைவிடவும் கொடியது. அவர்களில் பலர் விற்கவும் வாங்கவும் பட்ட அடிமைகள். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் முழுமையாகச் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

தூரத்துக்கும் விதி இருந்தது. ஒரு நாடார் நம்பூதிரியிடமிருந்து 36 எட்டு தள்ளி நிற்க வேண்டும், நாயரிடமிருந்து 12 எட்டு. இதை வாயால் சொல்லாமல் மைதானத்துக்குக் கூட்டிப்போய் அளக்க வைக்க வேண்டும். கொடிக்கம்பத்தருகே ஒரு பிள்ளையை நிறுத்தி இன்னொரு பிள்ளையை 36 எட்டு நடக்கச் சொன்னால், அங்கிருந்து பேசுவதற்குக் கத்த வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் கடையில் உப்பு வாங்குவது எப்படி? ஒரு ஒடுக்கமான பாதையில் எதிரே ஆள் வந்தால் எங்கே ஒதுங்குவது? கச்சேரி என்ற அரசு அலுவலகத்தில் போய் மனுக் கொடுப்பது எப்படி? கேள்விகள் அவர்களிடமிருந்தே வரும். ஒரு எச்சரிக்கை: கம்பத்தருகே நிற்கிற பிள்ளைக்கோ நடக்கிற பிள்ளைக்கோ எந்தச் சாதிப் பெயரையும் கொடுக்கக் கூடாது. 'அ' என்றும் 'ஆ' என்றும் அழைத்தால் போதும், பிறகு இருவரையும் இடம் மாற்றி நிறுத்த வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகு உடைக்கு வரலாம். மேலாடையை விலக்குவது அன்றைய திருவிதாங்கூரில் மேலே உள்ளவருக்குக் காட்டும் மரியாதை. நாயர் பெண்கள் நம்பூதிரி முன்பும் தெய்வத்தின் முன்பும் அப்படிச் செய்தார்கள். படி இறங்க இறங்க, மரியாதை காட்ட வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. கீழ்ப்படியில் வைக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் எப்போதும் மரியாதை காட்ட வேண்டும், அதனால் ஆணோ பெண்ணோ இடுப்புக்கு மேல் துணியே போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழேயும் துணி இறங்கக் கூடாது. இப்படிச் சொன்னால் வகுப்பில் சிரிப்பு வருவதில்லை. உடம்பைப் பற்றிய பேச்சாக இல்லாமல், யார் யாருக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்ற பேச்சாக அது மாறிவிடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தவறாமல் சேர்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமை. அங்கும் இதே சமூகத்து மக்கள் இருந்தார்கள், அதே பனை ஏறினார்கள், அதே கருப்பட்டி காய்ச்சினார்கள். சாதி இழிவு அங்கும் இருந்தது. ஆனால் உடை மீதான இந்த விதி திருவிதாங்கூருக்குள் இருந்த விதி. அதே மக்கள், கணவாய்க்கு இந்தப் பக்கம் வேறு விதி. "அப்போ ஆளுல ஒண்ணும் இல்ல, ரூல்லதான் இருக்கு" என்று ஒரு பெண் பிள்ளை ஒருமுறை சொன்னாள். இந்தப் பாடத்தின் மையம் அதுதான்.

இத்தனை விதிகளும் யாருக்காவது லாபம் இருந்ததால்தான் நின்றன. ஊழியம் என்ற பெயரில் கூலி இல்லாத கட்டாய வேலை இருந்தது. தலைவரி உட்படப் பலவகை வரிகள் இருந்தன. 1805 ஒப்பந்தத்தின்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பாரமும் கீழே உழைப்பவர் முதுகில்தான் இறங்கியது. யார் கீழே இருப்பவர் என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், அப்போதுதான் ஊழியத்துக்குப் பிடிக்கலாம். உடை விதி அந்த அடையாளத்தைக் காத்தது.

நடந்தது என்ன

1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் போதகர் மயிலாடிக்கு வந்தார். அவரை அழைத்துவரக் காரணமாக இருந்தவர் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம். தஞ்சாவூருக்குப் போனபோது கிறிஸ்தவராகித் திரும்பியவர். மயிலாடியில் சர்ச்சும் பள்ளிக்கூடமும் வந்தன. 1818இல் சார்லஸ் மீட் என்ற போதகர் வந்தார். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், 1821இல் லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். லேஸ் பின்னி வந்த காசு பெண்களின் கையிலேயே விழுந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். படிப்பும் கொஞ்சம் காசும் வந்த பெண்கள் மேலே துணி போட விரும்பினார்கள். இதில் விளக்க என்ன இருக்கிறது!

ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடெண்டாகவும் அரசின் முதல் அமைச்சரான திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ காலத்தில், கிறிஸ்தவரான பெண்கள் மார்பை மூடலாம் என்று 1812 வாக்கில் ஓர் உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது சுருக்கப்பட்டது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளை எனப்படும் கேரள முஸ்லிம் பெண்களும் போடுகிற குப்பாயம் என்ற சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்கள் போல் தோளில் சீலை போடக் கூடாது. பெண்கள் என்ன செய்தார்கள்? குப்பாயத்தையும் போட்டு, அதன் மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள்.

1822இல் கல்குளம் பகுதியில் சந்தைக்கும் பாதைக்கும் வந்த பெண்கள் தாக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குப் போய், 1823இல் குப்பாயம் அணியலாம் என்று தீர்ப்பு வந்தது. பிள்ளைகள் சுற்றுலா போய்ப் பார்க்கிற அரண்மனை இருக்கும் அதே பத்மநாபபுரம்தான். தீர்ப்பு வந்தும் அடங்கவில்லை. 1827 முதல் 1829 வரை இரண்டாம் கட்டம். சர்ச்சுகளும் பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. பள்ளிக்கூடத்தை ஏன் கொளுத்த வேண்டும் என்று கேட்டு, பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் யோசிக்க விடலாம். 1829 பிப்ரவரி 3 அன்று ராணி கௌரி பார்வதி பாயின் அரசு ஆணை வெளியிட்டது: குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது, ஊழியம் செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு.

இது கிறிஸ்தவர்களின் கதை மட்டும் இல்லை. சாமித்தோப்பில் வைகுண்டர் (1809-1851) எழுந்தது இந்தக் காலத்தில்தான். இடுப்பில் கட்ட வேண்டிய துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னார். எல்லாச் சாதியாரும் சேர்ந்து தண்ணீர் எடுக்க முத்திரிக் கிணறு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு. மகாராஜா சுவாதித் திருநாளின் அரசு அவரைப் பிடித்துப்போய்த் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. ஒரு தலைப்பாகைக்கும் ஒரு கிணற்றுக்கும் அரசு ஏன் இவ்வளவு பயந்தது என்ற கேள்வியை நான் வகுப்பில் கேட்காமல் விடுவதில்லை. இன்றும் அய்யாவழிப் பதிகளில் ஆண்கள் தலைப்பாகையோடு நிற்பதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு, தாங்கள் தினம் பார்த்த ஒன்றின் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருப்பது அப்போதுதான் தெரியவருகிறது.

1858 கடைசியில் மூன்றாம் கட்டம். எல்லோருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு உண்டு என்று சொன்ன விக்டோரியா ராணியின் அறிக்கை வந்திருந்த நேரம். மக்கள் அதைத் தங்களுக்கான உரிமையாகப் படித்தார்கள். மறுபடியும் சந்தையில் அடி, மறுபடியும் தீ. திவான் மாதவராவ் அரசு 1829 ஆணையே நடப்பில் இருப்பதாகச் சொன்னது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவல்யன் ரெசிடெண்ட் வழியாக நெருக்கினார். 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா புதிய ஆணையை வெளியிட்டார்.

1859 ஆணையை வரிவரியாக

பெரும்பாலான இடங்களில் கதை இங்கே முடிந்துவிடும்: "இறுதியில் உரிமை கிடைத்தது." அப்படி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் கற்க வேண்டிய முக்கியமான விஷயம் ஆணையின் உள்ளே இருக்கிறது.

ஆணை சொன்னது சுருக்கமாக இது. நாடார் பெண்கள், எந்த மதத்தவராக இருந்தாலும், மேலே துணி போட இருந்த தடை நீங்குகிறது. கிறிஸ்தவப் பெண்கள் போலக் குப்பாயம் போடலாம். மீனவச் சமூகமான முக்குவப் பெண்கள் கட்டுவதுபோல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எந்த விதத்திலும் மூடிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் போல மட்டும் உடுத்தக் கூடாது.

கரும்பலகையில் இந்த வரிகளை எழுதிவிட்டு நான் பேசாமல் நின்றுவிடுவேன். கவனிக்கிற பிள்ளை ஒன்றாவது கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளும். மூடலாம், ஆனால் அவர்களைப் போல மூடக் கூடாது. அப்படியானால் இத்தனை காலம் தடுத்தது எதை? துணியையா, சமமாகத் தெரிவதையா? முப்பத்தேழு ஆண்டு அடியும் தீயும் வழக்கும் முடிந்த பிறகும் படி இடிக்கப்படவில்லை. ஒரு படி மேலே ஏறி நிற்க அனுமதி, அவ்வளவுதான். சமத்துவம் ஒரே நாளில் ஒரே ஆணையில் வருவதில்லை என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். அந்த 'ஆனால்' மட்டும் அவர்களுக்கு மறப்பதில்லை.

இன்னும் ஒரு வரி இருக்கிறது, அது எனக்கு அதைவிடவும் கனமானது. "முக்குவப் பெண்கள் கட்டுவதுபோல." ஒரு சமூகத்துக்கு விடுதலை கொடுக்கிற ஆணை, எவ்வளவு உயரம் வரை ஏறலாம் என்று காட்ட இன்னொரு சமூகத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. கடற்கரையில் மீன்பிடித்து வாழ்ந்த பெண்கள், தாங்கள் கேட்காமலே, இன்னொருவருக்குச் சொல்லப்பட்ட எல்லையாக அந்தத் தாளில் நிற்கிறார்கள். முரட்டுத் துணி அவர்களுக்கு உரியது என்று அந்த ஆணை உறுதியும் செய்துவிட்டது.

இன்றைக்கு எங்கள் வகுப்பில் குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளையும் உள்நாட்டு ரப்பர் தோட்டப் பக்கத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். ஆகவே இந்த வரியை எடுப்பதா விடுவதா என்று ஆசிரியர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. எடுக்க வேண்டும் என்பதே என் முடிவு. இந்த வரி இல்லாவிட்டால் கதை "கெட்டவர்கள் ஒரு பக்கம், பாதிக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம்" என்று சுருங்கிப்போகும். படிமுறை அப்படி வேலை செய்யவில்லை. ஒவ்வொருவருக்கும் கீழே யாரோ ஒருவரைக் காட்டித்தான் அது நின்றது. நாடார் கிறிஸ்தவர்களின் சர்ச்சிலேயே வேறு சமூகத்தாரை ஒதுக்கிவைத்த வழக்கங்களும் இருந்தன. அடிபட்டவர்கள் இன்னொருவரை அடித்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகளிடம் உண்மை பேசுகிறோம் என்று அர்த்தம்.

பாடப்புத்தகத்திலிருந்து போன பக்கங்கள்

இந்த நிகழ்வு என்சிஇஆர்டியின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில், உடைகளின் சமூக வரலாறு பற்றிய அத்தியாயத்தில் இருந்தது. அந்தப் பகுதி நாடார்களை நாயர் நிலக்கிழார்களிடம் வேலைக்கு வந்து குடியேறியவர்கள் என்கிற முறையில் எழுதியதைத் தமிழ்நாட்டில் பலர் எதிர்த்தார்கள். 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ அந்தப் பகுதியை விலக்கியது, 2017 தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது என்று பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிறகு அந்த அத்தியாயமே புத்தகத்திலிருந்து போய்விட்டது.

எதிர்த்தவர்களின் மனவருத்தம் நியாயமானது. தம் முன்னோரைப் 'பிழைக்க வந்தவர்' என்றும், இழிவாக ஒலிக்கிற பழைய பெயராலும் ஒரு பாடநூல் குறிப்பிட்டால் யாருக்கும் வலிக்கும். ஆனால் தீர்வு திருத்தி எழுதுவதில் இருந்தது. பக்கங்களையே எடுத்துவிட்டதால், அடி வாங்கிக்கொண்டே துணியைக் கீழே போடாத பெண்களும் சேர்ந்தே வெளியே போய்விட்டார்கள். கல்குளம் தாலுகாவில் படிக்கிற ஒரு குழந்தைக்குக் கல்குளத்துச் சந்தையில் நடந்தது தெரியாமல் போவது பெரிய இழப்பு.

இந்தப் பாடத்தை எந்தச் சமூகத்தின் கதையாகவும் சொல்லாமல், ஒரு விதியின் கதையாகச் சொன்னால் இந்த வலிக்கு இடமே இல்லை. விதியை முன்னால் நிறுத்தி, அதை யார் போட்டார், யார் காவல் காத்தார், யாருக்கு லாபம், யாருக்கு அடி, யார் மீறினார் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். மீறியவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் பெண்களின் பெருமை வருகிறது. அங்கே தலை குனிய யாருக்கும் எதுவும் இல்லை.

வகுப்பில் வந்த கேள்விகள்

"அவிய எதுக்கு சார் போலீஸ்ல போய்ச் சொல்லல்ல?" முதலில் வருகிற கேள்வி பெரும்பாலும் இதுதான். இது அறியாமைக் கேள்வி இல்லை. தவறு நடந்தால் அரசிடம் போகலாம் என்ற நம்பிக்கையோடு வளர்கிற பிள்ளையின் கேள்வி. அன்று விதியே அரசின் விதி, அதைக் காக்கிற சேவகர்களும் அரசின் ஆட்கள் என்று விளக்கும்போது, அரசியலமைப்புச் சட்டம் எதற்கு என்பது வறண்ட பாடமாக இருக்காது. 15ஆம் பிரிவு கடைகள், கிணறுகள், குளங்கள், சாலைகள் என்று பெயர் சொல்லி எழுதுகிறது. ஏன் இவ்வளவு சின்ன விஷயங்களைச் சட்டத்தில் எழுத வேண்டும்? 36 எட்டு நடந்து பார்த்த பிள்ளைக்குப் பதில் தெரியும். 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று 1926இல் டாக்டர் எம். ஈ. நாயுடு முதலானோர் சத்தியாகிரகம் செய்ததையும், 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததையும் இந்த இடத்தில் சேர்த்துவிடலாம்.

"அப்போ வெள்ளக்காரன் நல்லவனா சார்?" இதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் உண்டு, ஆணைக்கு நெருக்கிய ஆளுநர் உண்டு. அதே ஆட்சிதான் 8 லட்சம் வாங்கிக்கொண்டது, பல ஆண்டுகள் அரண்மனையின் பக்கமே நின்றது. வேதமாணிக்கமும் வைகுண்டரும் சந்தைக்குத் துணியோடு போன பெண்களும் இல்லாமல் எந்த ஆளுநரும் எதையும் எழுதியிருக்கப் போவதில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த கதையோடு வருகிற பிள்ளைகளும் உண்டு. மார்பின் அளவுக்கு ஏற்ப வரி, அதை எதிர்த்து ஒரு பெண் மார்பை அறுத்துக் கொடுத்தாள் என்ற கதை. அது இன்றைய கேரளத்தின் சேர்த்தலைப் பக்கம் வாய்மொழியாக வழங்குவது. ஆண்களுக்குத் தலைக்கரம், பெண்களுக்கு முலைக்கரம் என்று ஆள்வரி இருந்தது. அளவு பார்த்து வாங்கிய வரி என்பது பின்னால் சேர்ந்தது. ஏழாம் வகுப்புக்கு அந்தக் கதை வேண்டாம் என்பது என் கருத்து. நடந்ததே போதுமான அளவுக்குக் கொடுமையானது, அதற்கு மேல் எதையும் சேர்க்கத் தேவையில்லை.

இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பற்றி வீட்டில் கேட்டுவிட்டு வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அதைத் தனியே, இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு எடுக்க வேண்டும்.

"இப்ப எல்லாம் சரியாயிட்டுல்ல? நாமதான் படிப்புல ஃபர்ஸ்ட்." உண்மைதான். 2011இல் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம்; மாநிலத்தின் அளவு 80.09. கொளுத்தப்பட்ட பள்ளிக்கூடங்களைத் திரும்பத் திரும்பக் கட்டியவர்களுக்கு இந்த எண்ணில் பெரிய பங்கு உண்டு. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்ற கேள்விக்கு அந்த எண் பதில் சொல்லாது.

2021, குளச்சல் பேருந்து நிலையம்

அதற்கு நான் எடுப்பது பிள்ளைகளுக்கே நினைவிருக்கிற அல்லது வீட்டில் பேசக் கேட்ட ஒரு நிகழ்வு. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய ஒரு வயதான அம்மா, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லப்பட்டு அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. பேருந்து நிலையத்திலேயே நின்று, எல்லோரும் கேட்க, நேரக்காப்பாளரிடம் நியாயம் கேட்டார். அந்தக் காணொளி பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் மூன்று பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

இதையும் அதே கேள்விகளால் அளக்கலாம். விதி எது? எழுதிய விதி அந்த அம்மாவின் பக்கம் இருந்தது, அவர் ஏறலாம், காசும் வேண்டாம். இறக்கிவிட்டது எங்கும் எழுதாத விதி. அதை யார் போட்டார்? வகுப்பில் இங்கே ஒரு அமைதி வரும். அப்புறம் நான் கேட்பேன்: நேற்று யார் வீட்டில் மீன் குழம்பு? ஏறக்குறைய எல்லாக் கையும் எழும். சாளையும் நெத்திலியும் இல்லாமல் இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டில் சாப்பாடு இறங்கும்? மீன் எல்லோருக்கும் வேண்டும், அதைச் சுமந்து வருகிறவர் மட்டும் பக்கத்து சீட்டில் வேண்டாம். 1859 ஆணையில் முரட்டுத் துணி யாருக்கு என்று எழுதியிருந்தது என்பதை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை, யாராவது ஒரு பிள்ளை கரும்பலகையைப் பார்க்கும்.

இந்தப் பகுதியில் கடற்கரைப் பிள்ளைகளைப் பார்த்து "நீ சொல்லு" என்று கேட்பதை அடியோடு தவிர்க்க வேண்டும். அவர்கள் பேச விரும்பினால் பேசுவார்கள். தன் அம்மாவையோ பாட்டியையோ பற்றிச் சாட்சி சொல்ல வேண்டிய கடமை எந்தக் குழந்தைக்கும் இல்லை. இதே எச்சரிக்கை காணிக்காரப் பிள்ளைகளுக்கும், முந்திரி ஆலையில் வேலை செய்கிற அம்மாக்களின் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

எழுதாத விதிகளின் நோட்டு

கடைசியாகப் பிள்ளைகளை எழுதச் சொல்வேன். உங்கள் வீட்டில், தெருவில், பள்ளியில் எங்கும் எழுதிவைக்காத, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிற ஒரு விதி. ஆள் பெயர் வேண்டாம், சாதிப் பெயர் வேண்டாம், எழுதியவர் பெயரும் வேண்டாம். தாளை மடித்துக் கொடுத்தால் போதும். வாசித்துக் காட்டும் முன் நான் எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன்; எந்தப் பிள்ளையையும் அடையாளம் காட்டிவிடக்கூடியதைத் தனியே எடுத்து வைப்பேன். அவற்றில் சில ஆசிரியர் தனியாகக் கவனிக்க வேண்டியவையாக இருக்கும்.

வருபவை கனமானவை. தென்னை ஏற வருகிறவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தனி டம்ளர். வேலைக்கு வருகிற அக்கா பின் வாசல் வழியாகத்தான் வர வேண்டும். சில தெருக்களுக்கு விளையாடப் போகக் கூடாது. அண்ணன் சாப்பிட்ட தட்டைத் தங்கை கழுவ வேண்டும், தங்கை தட்டை அண்ணன் கழுவ வேண்டியதில்லை. அதிகமாக வந்தது பள்ளியைப் பற்றியதுதான்: விழா என்றால் ஆண் பிள்ளைகள் பெஞ்ச் தூக்குவார்கள், பெண் பிள்ளைகள் கூட்டிப் பெருக்குவார்கள். அதே ஐந்து கேள்விகளை இதன் மீதும் வைத்தோம். யார் போட்ட விதி? எங்களில் யாருக்கும் தெரியவில்லை. யார் காவல்? ஆசிரியர்கள் நாங்கள்தான்.

இப்போது பெருக்கும் முறைப் பட்டியலில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வரிசை எண்படி வருகிறது. இரண்டு வீட்டிலிருந்து பெற்றோர் வந்து, எங்கள் பையனை ஏன் துடைப்பம் எடுக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர்களை உட்கார வைத்து, பிள்ளைகள் எழுதிய தாள்களில் பொதுவானவற்றைக் காட்டிப் பேசினோம். ஒருவர் ஒப்புக்கொண்டார், இன்னொருவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தனி டம்ளர் பற்றிய தாளை எடுப்பதாக இருக்கிறோம்.